கட்டைவிரல் அகலம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன் ரோரி வருகிறான். அதற்குள் பெட்டி வெளுத்தாக வேண்டும்.

டூகல் மக்ஃபீக்கு உலகத்தில் இப்போது வேறு கவலை இல்லை. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில், அதுவும் இந்தக் கார்பி ஊரில், ஜூன் மாத வெயிலை நம்பித் துணிகூடக் காயப்போட முடியாது. அன்றைக்கு அதிசயமாக மேகம் விலகி, பழைய இரும்பாலை இருந்த திசையில் வானம் பளிச்சென்று கிடந்தது.

"கோழி, இன்னைக்கு வெயில் அடிச்சுரும்," என்றார், சமையலறை ஜன்னலைப் பார்த்து. "டப்பாவைக் கொண்டா."

கிளாஸ்கோ பக்கத்து ஆண்கள் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரும்பாலை வேலைக்காக ஸ்காட்லாந்திலிருந்து தெற்கே இறங்கி வந்தவர்கள். ஆலை போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பேச்சு மட்டும் போகவில்லை.

மோராக் டப்பாவை எடுத்து வந்தாள். முடியை வெளுக்கிற பெராக்சைடு கிரீம். கடைத்தெரு சலூனில் பாதி ஆயுளாகக் கிழவிகளின் தலையைச் சுருட்டி விடுகிறவள் அவள். அங்கே மீந்ததெல்லாம் இப்போது டூகலின் கொட்டகைக்கு வந்துவிடும். பழைய கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக்கில், சூட்டில் தீப்பிடிக்காமல் இருக்க ஏதோ ஒரு மருந்தைக் கலந்திருப்பார்களாம். வருஷம் ஆக ஆக அது வெளிச்சம் பட்டுப் பழுத்து, பெட்டியைச் சுருட்டுக் குடிக்கிறவனின் பல் மாதிரி ஆக்கிவிடும். கிழவிகளின் தலையை வெளுக்கிற அதே கிரீமைத் தடவி வெயிலில் வைத்தால், பழுப்பு இறங்கிப் பழைய நிறம் மேலே வரும்.

டூகல் ஏற்கெனவே கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தார். விசைப்பலகையின் எழுத்து விசைகளெல்லாம் கேக் அச்சுத் தட்டின் குழிகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. குட்டி ஸ்பிரிங்குகள் முட்டை அட்டையில். மேல்மூடி மட்டும் பழைய இஸ்திரி மேஜையின் மேல் காத்துக்கொண்டிருந்தது. சாயம் பூசும் பிரஷ்ஷால் கிரீமைத் தடவினார். மேடு பள்ளம் இல்லாமல், ஒரே சீராக. அதற்கு மேல் சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கம் விழாமல் இழுத்துச் சுற்றினார். சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கமே பெட்டியில் வரியாகப் பதிந்துவிடும். கிரீம் காய்ந்தால் திட்டுத் திட்டாக வெளுக்கும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் சரிசெய்ய முடியாது. கையுறை போட்டும் அவர் விரல்நுனிகள் வெந்து வெள்ளையாகிவிட்டன.

மோராக் அடுப்படியில் இன்னொரு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். உலர்ந்த திராட்சை, மாவு, கொழுப்பு, லவங்கப்பட்டை எல்லாம் பிசைந்து துணியில் இறுக்கிக் கட்டி, மணிக்கணக்காக வேகவைக்கிற புட்டிங். ரோரி சின்ன வயதில் அதன் தோலை உரித்துத் தின்பதற்காகவே அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வருவான். அவனுடைய மகள் ஐலாவுக்குப் பிடிக்குமோ என்னவோ. ஐலாவை மோராக் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். முன்பல் விழுந்த போட்டோ ஒன்று, பள்ளிச் சீருடையில் ஒன்று.

பார்க்கப் போவது நாளைக்குத்தான். பார்த்தால்.

ஈஸ்டர் சமயத்தில் ரோரி பிரிஸ்டலிலிருந்து போன் செய்திருந்தான். அம்மாவிடம் மட்டும் மாதம் ஒருமுறை பேசுவான். அன்றைக்கு அவன் குரலில் ஒரு தீர்மானம் இருந்தது. ஜூனில் வருகிறேன் என்றான். மனைவி ஜில்லும் ஐலாவும் கூட வருவார்களாம். ஆனால் நேரே வீட்டுக்கு வரமாட்டார்கள், ஊர்ப் படகுக் குளத்தருகே இருப்பார்கள்.

"அப்பா தன் வாயால சொல்லட்டும்மா. நான்தான் போட்டு உடைச்சேன்னு. அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் வேணாம். சொல்லிட்டார்னா ஒரே ஒரு போன், அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துருவாங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு அது எதுக்குடா?"

"என் பொண்ணு கேக்கறா. தாத்தா வீட்டுக்கு ஏன் போறதில்லன்னு. நான் என்னன்னு சொல்றது? நான் உடைச்சேன்னா, அவர் உடைச்சார்னா?"

யார் உடைத்தது என்று மோராக்குக்குத்தான் தெரியுமே.

இரும்பாலை மூடியபின் டூகலுக்குக் கிடைத்தது ஊர் ஓரத்துக் கம்ப்யூட்டர் ஆலையில் அட்டைப்பெட்டியில் சாமான் அடைக்கிற வேலை. உருக்குக் குழம்பின் முன்னால் நின்ற மனுஷன், பொம்மை மாதிரி ஒரு வஸ்துவை தெர்மோகோல் கட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். வேலைக்காரர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்தபோது பையனுக்கென்று ஒன்று வாங்கி வந்தார். தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர். அதற்கடுத்த வருஷம் அந்த ஆலையும் ஆட்களை நிறுத்தியது. நிறுத்திய அன்று சாயங்காலம் டூகல் வீட்டுக்கு வந்தபோது மாடியில் ரோரி விளையாடிக்கொண்டிருந்தான். பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மேலே போனார். ஒயரோடு சேர்த்துப் பிடுங்கினார். படிக்கட்டில் வீசினார். கீழே துணிக்கூடையோடு நின்றிருந்த மோராக்கின் காலடியில்தான் வந்து விழுந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோபத்தில் எந்த அப்பன்தான் எதையும் உடைக்கவில்லை? அன்றிரவு தொழிலாளர் கிளப்பில் யாரோ கேட்டபோது, ஆட்டத்தில் தோற்ற வெறியில் பையன் போட்டு உடைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டார் டூகல். வேலையும் போய், பையனின் கம்ப்யூட்டரையும் உடைத்தவன் என்று நாலு பேர் பேசுவார்களே என்று ஒரு வாய் பொய். ஆனால் அது காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியது. அப்பன் வியர்வை சிந்தி வாங்கிக் கொடுத்ததை உடைத்த பயல். பள்ளிக்கூடத்தில், சர்ச்சில், ரொட்டிக் கடையில் அதுதான் ரோரியின் பெயர். எது எங்கே உடைந்தாலும் அவனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பதினேழு முடியுமுன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மோராக் அன்றும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறமும் திறக்கவில்லை. உடைந்த பெட்டியை மட்டும் குப்பையில் போடாமல் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

ஈஸ்டர் போனைப் பற்றி அவள் டூகலிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, "அந்தப் பெட்டி பரண்லதானே இருக்கு?" என்றார்.

அதுதான் அவருடைய பதில். வசந்தகாலம் முழுவதும் அந்த ஒரு பதிலையே கொட்டகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

பெட்டியின் வலது பின்மூலையில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் துண்டே காணோம். அங்கிருந்து ஒரு விரிசல் வேறு கீழே இறங்கியிருந்தது. செத்துப்போன இன்னொரு கம்ப்யூட்டரின் அடிப்பாகத்திலிருந்து பிளாஸ்டிக்கைச் சுரண்டி, சலூனில் நகச்சாயம் அழிக்கிற அசிட்டோனில் ஊறப்போட்டுக் கூழாகக் கரைத்தார். கூழை அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு படலமாக அப்பிக் காயவிட்டு, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, மூலையை மறுபடி வளர்த்தார். முடித்தபோது மோராக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தும் ஒட்டுத் தெரியவில்லை. பழுப்போடு பழுப்பாகக் கலந்திருந்தது.

சனிக்கிழமை பத்து மணி வாக்கில் நெவில் வந்து சேர்ந்தான். அடுத்த தெருக்காரன், இதே பைத்தியம் பிடித்தவன். இங்கிலீஷ்காரன் என்பதால் டூகலுக்கு அவன்மேல் நிரந்தரமாக ஒரு கேலி. அவனும் கையோடு ஒரு பிரிண்டர் மூடியைக் கொண்டுவந்திருந்தான்.

"உன் தோட்டத்துல வெயில் இல்லையாடா?" என்றார் டூகல்.

"இருக்கு. கிரீம் இல்ல. என் பொண்டாட்டி தலையெல்லாம் நரைச்சா நரைக்கட்டும்னு விட்டுட்டா. கொடுத்து வச்சவன் நீ." மோராக்கைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்ன அவசரம் இந்தப் பெட்டிக்கு?"

"நாளைக்குப் பையன் வர்றான். அவனோட பெட்டி."

"அவன் போட்டு உடைச்சானே, அதுவா?"

மோராக் தாளைத் தூக்கி, காய்ந்துவரும் ஓரங்களில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அதேதான்," என்றார் டூகல், சாதாரணமாக. "அப்பல்லாம் அவனுக்குக் கோவம் ஜாஸ்தி."

அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், புட்டிங் பானையில் வெந்நீர் ஊற்றினாள்.

வெயில் ஏமாற்றவில்லை. மணிக்கொருதரம் பெட்டியைத் திருப்பி வைத்தார்கள், இரண்டு முறை கிரீமை வழித்துப் புதிதாகத் தடவினார்கள். நடுவில் வறுத்த சதுரச் சாசேஜ் இறைச்சியை ரொட்டியில் வைத்துத் தின்றார்கள். நாலு மணிக்கு டூகல் தாளை உரித்து, தோட்டக் குழாயைத் திறந்துவிட்டார்.

கிரீம் வழிந்து ஓடியது. உள்ளிருந்து பெட்டி வெளியே வந்தது. பால் ஏடு மாதிரி ஒரு நிறம். அட்டைப்பெட்டியில் அடைத்த அன்றைக்கு இருந்த அதே நிறம்.

வலது மூலையைத் தவிர.

அங்கே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் பல். அதன் அடியிலிருந்து மஞ்சளாகவே ஒரு கோடு, விரிசல் போன வழியெல்லாம் வளைந்து வளைந்து இறங்கியது. யாரோ பேனாவால் வரைந்து காட்டின மாதிரி.

நெவில் கிட்டே வந்து குனிந்தான். "ஒட்டிட்டு வெளுத்தியா, வெளுத்துட்டு ஒட்டினியா?"

"ஒட்டிட்டுத்தான்."

"போச்சு. வேற பெட்டி பிளாஸ்டிக் வேற மாதிரில்ல வெளுக்கும். வெளுத்து முடிச்சு, அந்தக் கலருக்குத் தோதாப் பாத்துல்ல ஒட்டணும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்யா."

டூகலுக்குத் தெரியாததா? உடைசலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருக்க அவரால் முடியவில்லை. முதலில் அதை மூடினால்தான் மூச்சு வந்தது. மோராக்குக்கு அது புரிந்தது.

"விடுய்யா," என்றான் நெவில், பிரிண்டர் மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "தழும்பு இருந்தா இருக்கட்டும். உம் பையன் போட்ட தழும்புதானே? அவனும் பாத்துக்கட்டும்."

அவன் போனதும் மோராக் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"டூகல், இதை இப்படியே வை. அவன் வந்து பாக்கட்டும். நீ சொல்ல வேண்டியதுல பாதியை இதுவே சொல்லிரும். மீதி உனக்குச் சுலபமாயிரும்."

"புதுசு மாதிரி இருந்தா அவன் ஏன் பழசைப் பேசப் போறான்?"

"பேசத்தான் வர்றான். பெட்டிக்காகவா வர்றான்?"

கார் உதிரிபாகக் கடை ஐந்தரைக்குச் சாத்திவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு டூகல் கோட்டை எடுத்தார். பெட்டியின் நிறத்துக்குப் பொருத்தமான ஸ்பிரே பெயின்ட், அதன்மேல் அடிக்கக் கண்ணாடி வார்னிஷ். இரண்டையும் வாங்கி வந்து கொட்டகைக்குள் மாறி மாறி அடித்தார். பொழுது இருட்டுமுன் மஞ்சள் பல் மறைந்தது. கோடு மறைந்தது. பெட்டி பளபளவென்று, கொஞ்சம் அதிகமாகவே பளபளவென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரோரி தனியாக வந்தான். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் மோராக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே நெற்றி, அதே வழுக்கை. டூகலை எடுத்து இருபத்தைந்து வருஷம் பின்னால் வைத்தது போல இருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான், அப்பாவுக்குக் கை கொடுத்தான். உடனே மூக்கைச் சுளித்தான்.

"என்ன, பெயின்ட் வாசனை?"

"ஜன்னலுக்கு," என்றார் டூகல்.

மேஜையில் ஐந்து தட்டுகள் இருந்தன. ரோரி அவற்றை எண்ணிப் பார்த்தான். கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கொத்திறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். வழியில் நெரிசல், பிரிஸ்டலில் மழை, ஐலா நீச்சல் கற்றுக்கொள்கிறாள் என்று பேச்சு ஓரம் ஓரமாகவே போனது. மோராக் டூகலையே பார்த்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

அவர் போய்ப் பக்கத்து மேஜையில் இருந்த துணியை விலக்கினார்.

"எப்படி?"

ரோரி எழுந்து வந்தான். ஒரு நிமிஷம் அவன் முகம் பதின்மூன்று வயதுக்குப் போய்விட்டு வந்தது. விசைகளை விரலால் மெல்ல வருடினான். அப்புறம், கண்ணால் தேடாமலே, அவன் கட்டைவிரல் நேராக வலது பின்மூலைக்குப் போய் நின்றது.

"இங்க ஒண்ணு இல்லாம இருந்துச்சே."

"அடிபட்டிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"எப்படி அடிபட்டுச்சு?"

"விழுந்துதானே."

"எப்படிப்பா விழுந்துச்சு?"

டூகல் வார்னிஷைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இனிமேல் ஜன்னலோரம் வைத்தாலும் மஞ்சளாகாது, மூன்று பூச்சுப் பூசியிருக்கிறது, ஐலா கை வைத்தாலும் கீறல் விழாது. ரோரி கடைசிவரை கேட்டான். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு பிலிம் சுருள் டப்பாவை எடுத்தான். பழைய கறுப்பு டப்பா. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தான்.

கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. மஞ்சள் இல்லை, பளபளப்பு இல்லை. அசல் நிறம்.

"அம்மாவோட துணிக்கூடையில கெடந்துச்சு. அன்னைக்கு எடுத்தேன்." அதைப் பெட்டியின் மூலையில் பொருத்திப் பார்த்தான். வழவழப்பான மூலையில் அது வழுக்கி மேஜையில் விழுந்தது. "இப்ப இது எங்கப்பா போகும்?"

டூகல் துண்டை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் மலர்ந்தது.

"வெளிச்சமே படல. அப்படியே இருக்கு. இது உங்கிட்ட இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, இதை வச்சே ஒட்டியிருப்பனே. ஒட்டினதே தெரிஞ்சிருக்காது."

ரோரி சிரித்தான். சத்தமே வராத சிரிப்பு. அப்புறம் திரும்பினான்.

"அம்மா?"

மோராக்கின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. கூடையோடு நான் கீழே நின்றேன், உங்கப்பா மேலே நின்றார். இரண்டே வாக்கியம். டூகல் அவளைப் பார்த்தார். அதட்டும் பார்வை இல்லை, கெஞ்சும் பார்வை. இத்தனை வருஷம் அவள் வாயைப் பூட்டி வைத்தது அந்தப் பார்வைதான்.

"புட்டிங் ஆறிடும்பா," என்றாள்.

ரோரி தலையாட்டினான். இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போல. துண்டை அப்பாவின் கையிலிருந்து வாங்கி டப்பாவில் போட்டு மூடினான். கைபேசியை எடுத்தான்.

"ஜில், நான் வந்துட்டிருக்கேன். இல்ல, வேணாம், அங்கயே இருங்க. அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடு."

கார் தெருமுனை திரும்புகிறவரை மோராக் வாசலில் நின்றாள். படகுக் குளம் நடந்துபோகிற தூரம்தான். அங்கே முன்பல் முளைத்த ஒரு குழந்தை வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருக்கும். போய் நின்றால் யார் என்று கேட்கும்.

உள்ளே டூகல் பெட்டியை மறுபடி துணியால் மூடிக்கொண்டிருந்தார். "மறந்துட்டுப் போயிட்டான் பாரு," என்றார். "அடுத்த தடவை வந்தா எடுத்துக்குவான். வெளிச்சம் படாம வைக்கணும்."

மோராக் சலூன் பையைத் திறந்தாள். அசிட்டோன் பாட்டில், பஞ்சு, முடியை வகிடெடுக்கிற கூர்வால் சீப்பு. துணியை உருவிப் போட்டாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, பஞ்சை நனைத்து, வலது மூலையில் வைத்துத் தேய்த்தாள்.

"கோழி, என்ன பண்ற?"

வார்னிஷ் கொழகொழவென்று சுருண்டது. பெயின்ட் பஞ்சோடு வந்தது. மஞ்சள் பல் எட்டிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. இன்னொரு பஞ்சு. கூழாகி வந்த பிளாஸ்டிக் இப்போது மறுபடி கூழாயிற்று. சீப்பின் கூர்நுனியால் அதைக் குத்திக் குத்தி வழித்து மேஜைவிரிப்பில் அப்பினாள்.

"மெதுவா, மெதுவா," என்றார் டூகல். அவர் கை தானாகவே நீண்டு, பெட்டி நகராமல் மறுமூலையைப் பிடித்துக்கொண்டது. "அசிட்டோன் பரவினா சுத்தியிருக்கறதும் கரைஞ்சிரும்."

"யாரு போட்டு உடைச்சது, டூகல்?"

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன கல்யாணப் படுக்கையில் ஒருநாளும் கேட்காத கேள்வி. டூகல் பெட்டியைப் பிடித்தபடியே ஜன்னலைப் பார்த்தார். வெயில் போய்விட்டிருந்தது.

"நான் கூடையோட கீழ நின்னேன்," என்றாள் மோராக்.

"இப்ப அதுல ஓட்டை விழுந்துரும்," என்றார் அவர், மெல்ல.

"விழட்டும். அவங்கிட்ட இருக்கறதை வைக்க இடம் வேணும்ல."

சீப்பு அடியைத் தொட்டது. தன் கட்டைவிரலை உள்ளே விட்டு அளவு பார்த்தாள். பெட்டியைத் திருப்பி, ஓட்டை டூகலின் நாற்காலியைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். பிறகு, ஜில்லுக்கும் ஐலாவுக்கும் வைத்த இரண்டு தட்டுகளையும் எடுத்து அலமாரியில் அடுக்கப் போனாள்.